ரெண்டாவது துண்டு

மாரியாத்தா காவல்

கல்லுமலைத் தோட்டம், மேல் டிவிசன்,
மஸ்கெலியா.
2013.01.17

என் அண்ணன் பெத்த தங்கமான மருமகன் தர்ஷனுக்கு,

ராக்காயி அத்தை எழுதுறேன். ஆத்தா புண்ணியத்துல எனக்கும் பிரேமினிக்கும் கை காலுக்கு ஒரு கொறையும் இல்ல. நீயும் அந்தக் கொரியாப் பனியில சளி காச்சல் இல்லாம இருக்கணும்னு வெள்ளிக்கெழம தவறாம வெளக்கு வைக்கிறேன். பொங்கல் நல்லா நடந்திச்சி. வெறகு ஈரம், ஊதி ஊதி என் கண்ணு ரெண்டும் மொளகாப்பழம். பால் கெழக்க பாத்து தான் பொங்கிச்சி, அதால இந்த வருசம் நமக்கு நல்லது நடக்கும்.

உன்கூட வேல செய்யிற அட்டன் தம்பி லீவுல வந்தாரு இல்ல, அவரு பார்சல குடுத்தாரு. எனக்கு கம்பளித் தொப்பி, பிரேமினிக்கு கைப்பை, பெறகு அந்த பென்டிரைவ். தொப்பிய போட்டுக்கிட்டு கொழுந்து எடுக்கப் போனேன். எங்கள வேல வாங்குற கண்டாக்கையா பாத்துட்டு, "என்னா ராக்காயி, கொரியாவுக்கு பயணமா?"ன்னு கேக்குறாரு. "என் மருமகன் அனுப்புனது, உங்களுக்கு யாரு அனுப்புறா?"ன்னு கேட்டுட்டேன். மலையே சிரிச்சிச்சி.

இப்ப விசயத்துக்கு வாறேன். நீ கொழும்புல போன் கடையில நின்னப்ப வாங்கிட்டு வந்த கேம் மெசின் இன்னமும் டிவிக்கு கீழ தான் இருக்கு. நம்ம டிவி பழசு, அதுல பென்டிரைவ் குத்த எடமே கெடையாது. உன் மெசின் தான் எங்களுக்கு படம் காட்டுது. ஆயுத பூசைக்கு அதுக்கும் விபூதி பூசி பொட்டு வச்சேன். "ஓட்டைக்குள்ள தூள் போயிரும்மா"ன்னு பிரேமினி என்னைய திட்டி, துணியால தொடச்சி தொடச்சி வச்சிக்கிட்டா. நீ போனதுல இருந்து அவ தான் அத தொடைக்கிறது.

உன் மூஞ்ச பாக்கலாம்னு பக்கத்துக் காம்பரா ஆளுங்களையும் கூப்புட்டு ஒக்கார வச்சி, பென்டிரைவ குத்துனா, டிவியில என்னமோ இங்கிலீஸுல எழுத்து வருது. "இந்த பென்டிரைவ் இதுல ஓடாதாம்மா"ங்குறா பிரேமினி. ரெண்டு கொம்பு வச்ச அந்த ரிமோட்ட அழுத்தி அழுத்திப் பாத்தோம். ம்ஹும். வந்ததுங்க எல்லாம் டீயக் குடிச்சிட்டு, "அடுத்த வருசம் பாப்போம் அக்கா"ன்னு நக்கல் பண்ணிட்டுப் போகுதுங்க. எனக்கு வெக்கமாப் போச்சி.

என்னா செய்யணும்னு எழுது. போன்ல சொல்லாத. கோயில் மேட்டுக்கு ஏறுனா தான் சிக்னல். அங்க ஊரே நிக்கிது. நீ பேசுறது எனக்கு வெளங்க முன்ன அதுங்களுக்கு வெளங்கிருது. கடுதாசின்னா நாலு வாட்டி வாசிக்கலாம்.

எப்ப வர்ற சாமி?

உன் அத்தை,
ராக்காயி


அன்சான், கொரியா.
2013.02.03

அன்பான அத்தைக்கு,

உங்க கடுதாசி வந்திச்சி. நீங்க கண்டாக்கையாவுக்கு குடுத்த பதில வாசிச்சி தனியா சிரிச்சேன். ரூம்ல உள்ளவங்க பைத்தியம்னு நெனச்சிருப்பாங்க.

மெசின்ல பிழை இல்ல அத்தை. நான் புதுசா வாங்கின கேமரா எச்.டி. அது எடுக்குற படம் ரொம்பத் துல்லியம், ரொம்பப் பெருசு. நம்ம மெசினுக்கு அந்த வகை ஓடாது. அதுக்கு ஓடுற மாதிரி மாத்தணும். மஸ்கெலியா டவுன்ல யோகேஸ்வரன் அண்ணன் ஸ்டுடியோவுல கம்பியூட்டர் இருக்கு. கீழ எழுதியிருக்குறத அப்புடியே அவருகிட்ட காட்டுங்க.

எம்.பி.ஃபோரா மாத்தணும். பென்டிரைவ ஃபாட் தேர்ட்டி டூவுல வைக்கணும், இல்லாட்டி மெசின் அத கண்ணால பாக்காது. அப்புடி வச்சா ஒரு ஃபைல் நாலு ஜீபிக்கு மேல போகாது. நான் எடுத்தது அத விட நீளம். அதால ரெண்டு துண்டா வெட்டித் தரச் சொல்லுங்க. மொத துண்டு முடிஞ்சதும் ரெண்டாவதப் போடுங்க.

மாத்துறதுக்கு நேரம் செல்லும். பழைய கம்பியூட்டர்னா ஒரு துண்டுக்கு ரெண்டு மணித்தியாலம், மூணு மணித்தியாலம் கூடப் போகும். அவர அவசரப்படுத்தாதீங்க. நீங்க அவசரப்படுத்துவீங்க, எனக்குத் தெரியும்.

கடைசி வரைக்கும் பாருங்க அத்தை. பாதியில தூங்கிறாதீங்க. பாத்துட்டு எழுதுங்க. நான் பாத்துக்கிட்டு இருப்பேன்.

பிரேமினிய கேட்டேன்னு சொல்லுங்க.

உங்க தர்ஷன்


மாரியாத்தா காவல்

கல்லுமலைத் தோட்டம்.
2013.02.24

என் ராசா தர்ஷனுக்கு,

பாத்துட்டேன்! உன் மூஞ்ச டிவி நெறையப் பாத்துட்டேன்!

போன சனிக்கெழம அரை நாள் வேலையோட அரைப் பேரு போட்டுட்டு டவுனுக்குப் போனேன். மழ இல்லாம டாமுல தண்ணி வத்திக் கெடக்குது. டாம் கட்டுனப்ப முங்கிப் போன பழைய கோயில் வெளிய தெரியுது, பஸ்ஸுல இருந்தே கும்பிட்டுக்கிட்டேன். நீ எழுதினத யோகேஸ்வரன் தம்பிகிட்ட நீட்டுனா, "அக்கா, உங்க மருமகன் எனக்கே பாடம் எடுக்குறாரே"ன்னு சிரிக்கிறாரு. கம்பியூட்டர்ல ஒரு பச்சக் கோடு, நத்த மாதிரி ஊந்து ஊந்து போகுது. நான் பக்கத்துல குந்திக்கிட்டு ஆத்தா பேர நூத்தியெட்டு வாட்டி சொல்லி முடிச்சேன், கோடு கால்வாசி கூட வரல. திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிச்சேன். ஒரு கல்யாணத்துக்கு வந்த கூட்டம் போட்டோ புடிக்க நின்னுச்சி, அதுங்க என்னைய சாமியார்னு நெனச்சிருக்கும்.

ஞாயித்துக்கெழம மத்தியானம் நானும் பிரேமினியும் மட்டும் ஒக்காந்து பாத்தோம். ஆளுங்கள கூப்புடல. அப்பாடி, என்னா தெளிவுடா! உன் பல்லுல ஒட்டியிருந்த கீரை கூடத் தெரியுது. பனிய அள்ளி வாயில போடுறியே, அது சுத்தமா? தொண்ட கட்டும். நீ நிக்கிற மெசினு, அந்தச் சத்தம், ஆத்தாடி, கைய கிட்ட வைக்காத. முட்டைக்கோஸ் மாதிரி அந்தக் கோவா எலைய ஊறப்போட்டு மொளகாத்தூள் பூசி சாப்புடுறீங்களே, அத பாத்து பிரேமினி, "நம்ம ஊர் ஊறுகா தான், வேற பேரு"ங்குறா. கட்டிலுக்குப் பக்கத்துல ஆத்தா படம் ஒட்டியிருக்க, சந்தோசம். ஆனா அதுக்குக் கீழ செருப்பு வச்சிருக்க. மொதல்ல அத எடு.

கடைசி வரைக்கும் பாத்தேன் ராசா. ஒரு சொட்டு விடல. நீ சொன்னதெல்லாம் மனசுல வாங்கிக்கிட்டேன். மனசு நெறஞ்சிருச்சி. அதே பென்டிரைவ்ல நம்ம கோயில் போன வருசத் திருவிழா வீடியோவையும் ஏத்திக்கிட்டு வந்தேன், அதையும் பாத்தோம். தேர் இழுக்குற ஆளுல நீயும் ஒரு மூலையில தெரியிற.

இன்னொரு விசயம் எழுதணும். வட்டகொடையில இருந்து பிரேமினிக்கு ஒரு எடம் வந்திருக்கு. பேரு கிஷாந்த். ஸ்டேசனுக்குப் பக்கத்துல ஹார்ட்வெயார் கடை. குடிக்க மாட்டாராம், சாமி பக்தி உள்ள குடும்பம். தரகர் ரெண்டு வாட்டி வந்துட்டுப் போயிட்டாரு. பிரேமினி பாலர் பள்ளிக்கூடத்து வேலையப் பாத்துக்கிட்டு, வாய தொறக்காம இருக்கா.

மொறைக்கு உரிமைக்காரன் நீ இருக்க. உன்னைய கேக்காம வெளிய யாருக்கும் நான் வாக்குக் குடுக்க மாட்டேன். என் அண்ணன் இருந்திருந்தா அவருகிட்ட கேப்பேன். அவரும் இல்ல, உன் ஆத்தாளும் இல்ல. நீ என்னா சொல்ற? நீ ஒரு வார்த்த எழுதுனா அது தான் முடிவு.

கோயில் முன்னுக்கு காமன் கூத்துக்கு கம்பம் நட்டாச்சி. மன்மதன் வேசத்துக்கு நீ இல்லாம, வயசான ஒருத்தர புடிச்சிருக்காங்க. தொந்தி. பாக்கச் சகிக்கல.

எப்ப வர்ற?

உன் அத்தை,
ராக்காயி


அன்சான்.
2013.03.12

அன்பான அத்தைக்கு,

உங்க கடுதாசி கெடைச்சிச்சி. வெளங்கிச்சி அத்தை.

நல்ல எடம்னா முடிங்க. நான் குறுக்க நிக்க மாட்டேன். உங்க முடிவு தான் என் முடிவு. எனக்கு ஒரு கோவமும் இல்ல, அத நீங்க நம்பணும்.

அப்பா செத்தப்ப எனக்கு ஒம்போது வயசு. நீங்க என் கைய புடிச்சி உங்க காம்பராவுக்குக் கூட்டிக்கிட்டு வந்தீங்க. ரெண்டு ரொட்டி சுட்டா பிரேமினிக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, உங்களுக்கு வெறும் டீச் சாயத்தண்ணி. அத மறந்துட்டு நான் ஒண்ணும் கேக்க ஏலாது.

கல்யாணத்துக்கு வர லீவு கெடைக்காது. செருப்ப எடுத்துட்டேன்.

தர்ஷன்


மாரியாத்தா காவல்

கல்லுமலைத் தோட்டம்.
2013.04.16

தர்ஷனுக்கு,

வருசப் பொறப்பு போச்சி. உன்கிட்ட இருந்து ஒரு வாழ்த்து மட்டையும் இல்ல, ஒரு வரியும் இல்ல. போன கடுதாசிய தூக்கிப் பாத்தேன், ஒரு பக்கங்கூட ரொம்பல. நான் எட்டுப் பக்கம் எழுதுறேன், நீ தந்தி அடிக்கிற. கோவம் இல்லன்னு எழுதியிருக்க. நான் கோவமான்னு கேக்கவே இல்லையே ராசா, நீயா ஏன் சொல்ற? பல்லுல கீரைன்னு எழுதுனதுக்கா? அத்தைக்கு வாய் நீளம், உனக்குத் தெரியாததா?

ரொட்டி கதைய ஏன் இப்ப எழுதுன? அத வாசிச்சிட்டு எனக்கு சோறு எறங்கல. என் அண்ணன் புள்ளைக்கு நான் போட்டேன். அத யாரு கேட்டா?

உன் கடுதாசிய பிரேமினியும் வாசிச்சா. ரெண்டு வாட்டி வாசிச்சா. மடிச்சி சாமித்தட்டுக்குப் பக்கத்துல வச்சிட்டு, "சரிம்மா, வட்டகொடை ஆளுங்களையே வரச் சொல்லுங்க"ன்னா. நான், "நல்லா யோசிச்சியா?"ன்னு கேட்டேன். "இனி என்னா யோசிக்கிறதும்மா?"ன்னு சொல்லிட்டு பீலிக்கு தண்ணி எடுக்கப் போயிட்டா. ஒரு கொடம் தண்ணிக்கு ஒரு மணித்தியாலம்.

பங்குனி கடைசியில வந்து பாத்துட்டுப் போனாங்க. நல்ல சனம். அந்தத் தம்பி தலை நிமிந்து கூடப் பாக்கல. ஆவணியில கல்யாணம், நம்ம கோயில்லயே. மொற மாப்புள்ளைக்கு குடுக்க வேண்டிய வேட்டி சால்வை உனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன். நீ இல்லாம அத யாருக்குக் குடுக்குறது? வேற ஒருத்தன் தோள்ல போட என் கை வராது.

நான் ஒண்ணு நெனச்சேன், ஆத்தா ஒண்ணு நெனச்சா. விடு.

நாலு நாள் லீவு கேட்டுப் பாரேன்.

அத்தை


மாரியாத்தா காவல்

கல்லுமலைத் தோட்டம்.
2013.09.29

தர்ஷனுக்கு,

இந்தக் கடுதாசிய எப்புடி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. மூணு நாளா எழுதுறேன், கிழிக்கிறேன். கல்யாணத்தப் பத்தி எழுதணும்னு தான் மொதல்ல ஒக்காந்தேன். நல்லா நடந்திச்சி. மழ விட்டுக் குடுத்திச்சி. பிரேமினி வட்டகொடைக்குப் போயி ஒரு மாசம் ஆகுது.

போன வாரம் கல்யாண வீடியோவ வாங்கப் போனேன். மெசினுக்கு ஓடுற மாதிரி மாத்திக் குடுங்கன்னு கேட்டேன். யோகேஸ்வரன் தம்பி கம்பியூட்டர தட்டிக்கிட்டே, "அக்கா, மாசி மாசம் நீங்க வேணாம்னு விட்டுட்டுப் போன அந்த ரெண்டாவது துண்டு இன்னும் இதுல கெடக்கு. எடம் அடைக்குது, அழிக்கவா?"ன்னாரு.

நான் உனக்கு ஒரு பொய் எழுதியிருக்கேன் சாமி.

அன்னைக்கு மொத துண்டு மாத்தி முடிய ரெண்டரை மணியாச்சி. "இன்னொரு துண்டு இருக்கு அக்கா, இதே அளவு நேரம் செல்லும்"ன்னு அவரு சொன்னாரு. மூணு மணி பஸ்ஸ விட்டா அடுத்தது ஆறுக்கு. மொத துண்டுல பனியும் ரோட்டும் தான் ஓடிச்சி, மிச்சமும் அது தானேன்னு நெனச்சேன். மேசையில திருவிழா வீடியோ தயாரா இருந்திச்சி. "போதும் தம்பி, அந்த எடத்துல ஆத்தா திருவிழாவ ஏத்திக் குடுங்க"ன்னு சொன்னது நான் தான். அவரு மேல ஒரு பிழையும் இல்ல. கடைசி வரைக்கும் பாருங்கன்னு நீ எழுதியிருந்த. அத சும்மா பகிடின்னு எடுத்துக்கிட்டேன். பாதி தான் பாத்தேன்னு எழுதுனா புள்ள மனசு வாடிப் போகும்னு, ஒரு சொட்டு விடலன்னு எழுதுனேன். நல்லதுக்கு சொல்ற பொய்ய ஆத்தா கணக்குல எடுக்க மாட்டான்னு நம்புனேன்.

பிரேமினி கிட்டயும் சொல்லல. மொத துண்டு முடிஞ்சதும் அவ, "அவ்வளவு தானாம்மா?"ன்னு கேட்டா. அவ்வளவு தான்னேன். ரிமோட்ட கையில வச்சிக்கிட்டு கொஞ்ச நேரம் கறுப்பு டிவியப் பாத்துக்கிட்டு இருந்தா. நான் திருவிழாவப் போடச் சொன்னேன்.

இப்ப அழிக்க வேணாம், மாத்திக் குடுங்கன்னு சொல்லிட்டு, ஆறு மணி பஸ்ஸு வரைக்கும் குந்தியிருந்தேன். அவ இல்லாத வீட்டுல உன் மூஞ்சயாவது பாக்கலாம்னு தான். மறுநா மத்தியானம் போட்டேன்.

கட்டில்ல ஒக்காந்திருக்க. கூட இருக்குறவர வெளிய போகச் சொல்ற. சட்டைப் பொத்தான சரி பண்ணுற. தொண்டையச் செருமுற. "அத்தை, இத எழுதி நாலு வாட்டி கிழிச்சிட்டேன், போன்ல சொன்னா கோயில் மேட்டுல ஊரே கேக்கும், அதால இதுல சொல்றேன்"ங்குற. "அப்பா அம்மா இருந்தா தட்டு தூக்கிக்கிட்டு உங்க வாசலுக்கு வந்திருப்பாங்க. எனக்கு வந்து கேக்க ஆள் இல்ல. நானே கேக்குறேன். பிரேமினிய எனக்குக் குடுப்பீங்களா?"ங்குற.

அப்புடியே கொஞ்ச நேரம் பேசாம இருந்த. நான் டிவிக்குக் கிட்டப் போயிட்டேன்.

"சோறு போட்ட வீட்டுலயே பொண்ணு கேக்குறான்னு உங்களுக்கு தோணிச்சின்னா, நீங்க ஒண்ணும் எழுத வேணாம். நான் வெளங்கிக்கிடுவேன். திரும்ப இந்தப் பேச்ச எடுக்க மாட்டேன். பழையபடி உங்க புள்ளையா இருப்பேன்"னு சொல்லிட்டு, சிரிச்ச. அழுகுறதுக்கு முன்ன ஒம்போது வயசுல சிரிப்பியே, அந்தச் சிரிப்பு.

தர்ஷன், நான் ஒவ்வொரு நாளும் இதத்தான் ஆத்தாகிட்ட கேட்டேன். நீ பொண்ணு கேக்கணும்னு கேட்டேன். நம்ம சனத்துல பொண்ணப் பெத்தவ வாயத் தொறந்து கட்டிக்கிடுன்னு கேக்குறது இல்ல. அதுலயும் உன்கிட்ட நான் எப்புடிக் கேப்பேன்? போட்ட சோத்துக்குப் பதில் கேக்குற மாதிரி ஆகிரும்னு வாய மூடிக்கிட்டேன். வட்டகொடை எடத்தப் பத்தி எழுதுனதே, நீ "வேணாம் அத்தை, நான் இருக்கேன்"னு ஒரு வரி எழுதுவன்னு தான். நீ "முடிங்க"ன்னு எழுதுன. உனக்கு விருப்பம் இல்லன்னு எடுத்துக்கிட்டேன். பிரேமினியும் அப்புடித்தான் எடுத்துக்கிட்டா.

ஆத்தா என் கண்ணு முன்னுக்கு நான் கேட்டத கொண்டாந்து வச்சிருக்கா. நான் அவ தேரப் பாக்குறதுக்காக அத தள்ளி வச்சிருக்கேன். கோயிலுக்குப் போயி நின்னேன், கும்புட கை எழும்பல.

அந்தத் தம்பி நல்லவரு, அது தான் இன்னும் கொடும. ஒரு குத்தம் இருந்தா அத வச்சி நான் அழுதிருப்பேன்.

இத பிரேமினிகிட்ட சொல்றதா வேணாமா? அவளும் உன்னைய நெனச்சிக்கிட்டு தான் இருந்தான்னு எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாம இருக்குறது பாவமா, தெரிஞ்சா பாவமா? எனக்கு புத்தி மட்டுப்படல. நீ சொல்லு. என்னைய திட்டியாவது எழுது.

ராக்காயி


அன்சான்.
2013.10.15

அன்பான அத்தைக்கு,

அழுவாதீங்க. மொதல்ல அத சொல்லிக்கிறேன்.

மாசி மாசம் உங்க கடுதாசிய வேலைக்குப் போக முன்ன வாசிச்சேன். நான் சொன்னதெல்லாம் மனசுல வாங்கிக்கிட்டேன்னு எழுதியிருந்தீங்க. அதுக்கு அடுத்த வரிய வாசிக்க பயமா இருந்திச்சி, மடிச்சி பையில வச்சிக்கிட்டேன். வேல முடிய வாசிச்சேன். திருவிழா, பெறகு வட்டகொடை. அத்தை எவ்வளவு பக்குவமா இல்லன்னு சொல்றாங்கன்னு நெனச்சேன். உங்கள நான் ஒரு நாளும் கெட்டவங்களா நெனைக்கல. எனக்குக் குடுக்குற அளவுக்கு நான் இல்லன்னு தான் நெனச்சேன்.

பிழை உங்க மேல மட்டும் இல்ல. கேக்க வேண்டியத நான் வாயால கேட்டிருக்கணும். ஊரே கேட்டாலும் கேட்டிருக்கணும். கேமராவுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டேன்.

பிரேமினிகிட்ட சொல்ல வேணாம். அந்த மனுசன் ஒரு தப்பும் பண்ணல. இது தெரிஞ்சா அவளுக்கு அந்த வீட்டுல ஒரு நாளும் மனசு ஒட்டாது. அந்தத் துண்ட அழிச்சிருங்க அத்தை. கம்பியூட்டர்லயும் வைக்காதீங்க.

தை மாசம் எனக்கு ஒரு மாச லீவு தர்றாங்க. முன்ன நீங்க கேட்டப்பெல்லாம் இல்லன்னேன், இப்ப இருக்கு. ஆனா வர பயமா இருக்கு. எழுத்துல நீங்க பொய் சொல்லுவீங்க, மூஞ்சில உங்களுக்கு வராது. நான் வந்து வாசல்ல நின்னா, அவ உங்க மூஞ்சப் பாத்தே எல்லாத்தையும் தெரிஞ்சிக்கிடுவா. நான் வரவான்னு நீங்களே யோசிச்சி எழுதுங்க. நீங்க வான்னா வாறேன். உங்க வார்த்தைய இந்த வாட்டி நேராக் கேட்டுட்டு முடிவு எடுக்குறேன்.

தர்ஷன்


மாரியாத்தா காவல்

கல்லுமலைத் தோட்டம்.
2013.11.06

என் சாமி தர்ஷனுக்கு,

பிரேமினிக்குத் தல தீபாவளி. ரெண்டு பேரும் வந்து மூணு நாள் நின்னுட்டு நேத்து தான் போனாங்க. முறுக்கு சுட்டேன், அதிரசம் ஒடைஞ்சி போச்சி. அந்தத் தம்பி வந்த அன்னைக்கே கூரையில ஏறி ஒழுகுற தகரத்துக்கு ஆணி அடிச்சாரு. அவ அவருக்கு டீ ஊத்திக் குடுக்கும்போது சீனி எத்தனைன்னு கேக்கல, தெரிஞ்சி வச்சிருக்கா. அத பாத்து எனக்கு நிம்மதியும் வந்திச்சி, வயிறும் எரிஞ்சிச்சி.

ரெண்டாம் நாள் அடுப்படியில என் பக்கத்துல குந்திக்கிட்டு, "அத்தான் எழுதுறாங்களா?"ன்னு கேட்டா. எழுதுறான்னேன். "எப்ப வருவாங்களாம்?" லீவு இல்லையாம்னேன். அவ என் மூஞ்சயே பாத்துக்கிட்டு இருந்தா. நான் அடுப்புக்குள்ள குனிஞ்சி ஊத ஆரம்பிச்சேன், நெருப்பு நல்லா எரிஞ்சிக்கிட்டு தான் இருந்திச்சி. "என்னாம்மா?"ன்னா. பொகைன்னேன். எந்திரிச்சிப் போயிட்டா. போகும்போது என் முதுகத் தடவிட்டுப் போனா.

நீ சொன்னது சரி.

இன்னைக்கு டவுனுக்குப் போனேன். யோகேஸ்வரன் தம்பி என் கண்ணு முன்னுக்கே கம்பியூட்டர்லயும் பென்டிரைவ்லயும் அழிச்சிட்டாரு. ஒரு நிமிசங்கூட ஆகல. காலையில போக முன்ன கதவச் சாத்திட்டு ஒரு வாட்டி பாத்தேன். நீ கேட்டுட்டு பேசாம இருக்குற எடத்துல, "குடுக்குறேன்டா, உனக்குக் குடுக்காம யாருக்குக் குடுப்பேன்?"ன்னு டிவிகிட்ட சொன்னேன். சத்தமா தான் சொன்னேன். நீ அதுக்குப் பெறகும் பேசிக்கிட்டே போற.

நீ வராத ராசா. தை மாசமும் வேணாம், அதுக்கு அடுத்த வருசமும் வேணாம். நான் கூப்புட்டாலும் வராத. அங்கயே ஒரு நல்ல புள்ளையப் பாத்து கட்டிக்க. எந்த ஊரு, எந்தச் சாமின்னு நான் கேக்க மாட்டேன்.

குளிர் தொடங்கியிருக்கும். நெஞ்ச மூடிக்கிட்டு படு.

அத்தை